வசந்தாவின் மணை விரிப்பும் ஒரு டேக் துப்பாக்கியும்

1

போன சனிக்கிழமை டேக் துப்பாக்கியின் ஊசி உடைந்தது. மகள் கவிதாவின் பள்ளிப்பை வார் பிய்ந்திருந்தது. இரண்டு மடிப்பாகப் பிடித்து அழுத்தியதில் முனை முறிந்து வாருக்குள்ளேயே தங்கிவிட்டது. அவள் பையைப் பறித்துக்கொண்டு, "அம்மா, புதுசு வாங்கலாம்லா, இதெல்லாம் யாரும் தைக்க மாட்டாங்க" என்றாள்.

சுவரில் தொங்கும் கிழிக்கிற காலண்டரைப் பார்த்தேன். ஆவணி பிறந்திருந்தது. ஊரில் என் தங்கை வசந்தாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் நிறைகிற வாரம். இன்ன நாளில் இன்னது நடந்தது என்று நினைவில் முடிந்து வைத்துக்கொள்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஊசி உடைந்ததும் இந்த வாரமும் ஒன்றாக வந்திருக்காவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு அந்தக் கருவி என்னவென்று தெரிந்திருக்காது. பெரிய நகரத்துக் கடையில் சட்டை வாங்கியிருந்தால் அதன் வேலையைப் பார்த்திருப்பீர்கள். விலைச்சீட்டைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்திருக்குமே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இழை, அதைக் குத்துகிற கருவி இது. குழந்தைகளின் விளையாட்டுத் துப்பாக்கி அளவுதான் இருக்கும். முன்னால் உள்ளீடற்ற ஊசி. மேலே சீப்பு போலக் கோத்த இழைகள். துணிக்குள் ஊசியைச் செலுத்தி விசையை அழுத்தினால் ஓர் இழை ஊசி வழியாக அடுத்த பக்கம் போய், அங்கே ஒரு சின்னக் குறுக்குக் கம்பியாகப் படுத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் பட்டையான தலை, அந்தப் பக்கம் குறுக்குக் கம்பி. துணி நடுவே மாட்டிக்கொள்ளும். வெட்டினால் ஒழிய வெளியே வராது.

2

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. 1980 வைகாசியில் கல்யாணம், மறுவருஷம் பங்குனியில் இங்கே, மலாய் நாட்டுக்கு வந்தேன். கணவர் தண்டபாணி பிறந்தது இந்த மண்ணில். அவருடைய பாட்டனார் எங்கள் ஊர்க்காரர் என்பதால் ஏற்பட்ட சம்பந்தம். கோல சிலாங்கூரில் அசாம் ஜாவாவுக்கு உள்ளே, செம்பனை எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர் லயத்து வீடு. அவர் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரியை ஓட்டுகிறார். வீடு எஸ்டேட்டுடையது, லோரியும் எஸ்டேட்டுடையது. நான் யாருடையவள் என்பது என் கடவுச்சீட்டில் முத்திரையாக இருக்கிறது. அந்த முத்திரையின்படி நான் இந்த நாட்டைப் பார்க்க வந்த விருந்தாளி.

விருந்தாளி வேலைக்குப் போகக் கூடாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை கணவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து 'பாஸ்' என்கிற அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு லீவு கிடைக்காத நாளில் நானும் போக முடியாது. நிரந்தரமாகத் தங்க ஒரு மனு போட்டோம். மனு உள்ளே இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் அது விழுந்துவிடும், திரும்பி வரும்போது உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அது சட்டமா, அல்லது வாய்க்கு வாய் வந்த பேச்சா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போய்க் கேட்கவும் பயம். கேட்கப்போய் மனுவைத் தூக்கிப் பார்த்து, இல்லையென்று எழுதிவிட்டால்?

பஸ் வரும் தார்ச்சாலைக்கு வீட்டிலிருந்து செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. வந்த புதிதில் அந்த மரங்களுக்கு அப்பால் ஏதோ இருக்கும் என்று நடந்து பார்த்தேன். அப்பாலும் செம்பனைதான்.

3

டேக் துப்பாக்கியைக் கொண்டுவந்தவள் நாத்தனார் சரோஜா. ரவாங்கில் ஒரு தையல் பேக்டரியில் வேலை. பேக்டரி பஸ் விடியுமுன்னே வந்து எஸ்டேட் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். 1985 தீபாவளிக்கு முன்னால் அங்கே ஆள் குறைத்தார்கள். இவள் தப்பினாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் போனார்கள். மூடிய பிரிவின் சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது இவள் எடுத்துவந்தது இரண்டு பழைய டேக் துப்பாக்கிகள், ஒரு பெட்டி இழை, ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி.

"அண்ணி, இந்தாங்க. வீட்டுக்குள்ளயே ஒக்காந்து காலண்டர் கிழிக்கிறதுக்கு இத வச்சி எதாச்சும் சுடுங்க."

"இத வச்சு என்னடி பண்றது? நம்ம வீட்ல எதுக்கு விலை ஒட்டப் போறேன்?"

"எனக்கு ஒட்டு" என்று பதில் வந்தது, வாசலிலிருந்து. கணவர்தான். "செகண்ட் ஹேண்ட், பாதி வெலை."

"ஐயோ, சும்மா குடுத்தாலும் யாரும் எடுக்க மாட்டாங்கலா" என்றாள் சரோஜா.

அடுத்த வாரமே அதன் உபயோகம் பிடிபட்டது. கவிதாவின் பாவாடை ஓரம் அவிழ்ந்து தொங்கியது, பாலர் பள்ளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மடித்து நாலு இடத்தில் குத்தி அனுப்பினேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தன் ஜன்னல் திரையைக் கொண்டுவந்தாள். பிறகு கோயில் திரைச்சீலை, சட்டைப்பை, கல்யாண வீட்டுப் பந்தல் துணி. "அக்கா, ஒரு சுடு சுட்டுக் குடுங்க" என்று வாசலில் நிற்பார்கள். காசு வாங்கமாட்டேன். வாங்கினால் அது வேலையாகிவிடும்; விருந்தாளி வேலை செய்யக் கூடாதே. அதனால் முருங்கைக்கீரையும் நெத்திலியும் வந்தன.

எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பதைக் கெடுத்துத்தான் கற்றேன். பருத்தியில் துளை ஒரு சலவையில் மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது, இழை ஓடிவிடும். கித்தான் மாதிரி முரட்டுத் துணியில் ஊசி வளையும். அடுக்கு விரிப்புகளைத் தைக்கும்போதுதான் இதன் அருமை தெரிந்தது. மேலே ஒட்டுத்துணி, நடுவே பழைய போர்வை, அடியில் வாயில் துணி. மூன்றும் நகராமலிருக்கக் கச்சா தையல் போடவேண்டும், அதற்கே ஒரு மத்தியானம் போய்விடும். துப்பாக்கி இருந்தால் அடுப்பில் உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும். அப்புறம் நிதானமாகக் கைத்தையல் போட்டு, இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

ஒருநாள் நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே சரோஜா சொன்னாள்: "ஒங்க பாஸும் கச்சா தையல்தான் அண்ணி. எப்பதான் நெசத் தையல் போடுவானுங்களோ."

சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

4

இதற்கு நடுவில் செகிஞ்சான் போன கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1986 தொடக்கத்தில் கணவர் தெரிந்தவருடைய காரை இரவல் வாங்கி, அரிசி வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை நெல். பால் பிடிக்கிற பருவம், அந்த வாசனை காருக்குள் வந்தது. வயலோரத்தில் லோரிகள் நின்றன. சீனக் குடும்பங்கள், நல்ல வீடுகள், வாசலில் கார்கள். நான் இறங்கவில்லை. இறங்கி வயலில் காலை வைத்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அரிசி வாங்க வந்த இடத்தில் அது எதற்கு?

கவிதாவுக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது. ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அம்மா, நெல்லு சீனவங்கதான் போடுவாங்களா?" என்றாள்.

"தாத்தா போடுவாங்க. ஊர்ல நம்ம வீட்டு வயல்ல."

அவள் நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். "பொய். தமிழவங்க கெலாப்பா சாவிட்தான் வெட்டுவாங்க." செம்பனைக்கு மலாய்ப் பெயர் அது. அவளுக்கு அதன் தமிழ்ப் பெயர் தெரியாது. அவர் சிரித்தார். அவருக்கும் அப்படித்தானே, அவருடைய அப்பாவும் மரத்தடியில்தானே நின்றார். காரில் இருந்த மூவரில் நெல் விளைவித்த தமிழரைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான்.

5

அந்த வருஷம் சித்திரையில் வசந்தாவின் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தது. ஆவணியில் முகூர்த்தம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் உட்காரும் மணையின் மேல் கல்யாணமான அக்காள் தன் கையால் தைத்த விரிப்பைப் போடவேண்டும். என் கல்யாணத்தில் பெரியம்மா மகள் போட்டாள். வசந்தாவுக்கு நான் ஒருத்திதான். கொண்டுபோய்ப் போடவேண்டும், அனுப்பிவைத்த விரிப்பை யாரும் போட்டதாக எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

பேக்டரி வெட்டுத்துணியில் செய்யலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. "குப்பைத் துணி, ஆகாது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குத் தோன்றியது வேறு. யார் உடம்பிலும் படாத துணி, தறியிலிருந்து வந்து கத்தரிக்கோல் மட்டும் பட்டது. கோடிக்கு இதைவிட என்ன இலக்கணம்? ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மஞ்சள் தொட்டுவைத்து, மஞ்சளும் அரக்கும் வெளிர்நீலமுமாகப் பொறுக்கி, மேல்துணியைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

வைகாசி கடைசியில் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். என்னைவிடச் சின்னவளான ஒரு மலாய்ப் பெண் முகப்பில் இருந்தாள். பெட்டியைத் திறந்து தேடிவிட்டு, "பெலூம், காக்" என்றாள். இன்னும் இல்லை, அக்கா. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. தங்கைக்குக் கல்யாணம் என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "துங்கு, காக்" என்றாள். காத்திருங்கள். அவளால் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

மனுவோடு சேர்த்து என் கடவுச்சீட்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அதுவும் கைக்கு வரும், போகலாம். பஸ் நிற்கும் இடத்தில் கணவரிடம் அதைக் கேட்டேன்.

"போலாம்" என்றார். "ஒனக்கு டிக்கெட்டுக்குக் கூட எப்படியாச்சும் பாக்கலாம். ஆனா திரும்ப வர வுடலன்னா?"

"அப்ப நீங்களும் கவிதாவும் அங்க வந்துருங்க."

"நான் அங்க வந்து என்னா பண்றது? ஒங்க ஊர்ல செம்பனை இருக்கா?"

கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு தெரியாது. பஸ் வந்தது. கவிதா என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் தலையின் கனத்தில் தொடை மரத்துப்போன வேளையில், எஸ்டேட் திருப்பத்துக்கு வெகு முன்னால், நான் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ள ஓர் ஆளாவது இருந்திருக்கும்.

6

எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற வேலு மண்டோர் ஆடிக் கடைசியில் ஊருக்குப் போவதாக இருந்தார். அவருக்கு எங்கள் பக்கம்தான். விரிப்பை அவர் கையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. அக்காள் கொண்டுபோய்ப் போடாத விரிப்பு, தையலிலாவது குறையில்லாமல் போகட்டும் என்று நினைத்தேன். மேல்துணி முடிந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்துக் கைத்தையல் போட நாளிருக்கிறது என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம் மண்டோர் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, ஏஜெண்டு டிக்கெட்ட முன்னுக்குத் தள்ளிட்டான். நாளைக்கு விடியக்காலம் வண்டி. சாமான் இருந்தா இன்னிக்கே குடுத்துரு."

"இன்னும் தைக்கலையே பெரியப்பா."

"தைக்காட்டி என்னா, துணி துணிதான?"

அவர் டீ குடித்துவிட்டு வர ஒப்புக்கொண்டார். பாயை விரித்தேன். ஆலைப் புகைக்கரி எப்போதும் காற்றில் வந்து படியும் வீடு இது. வெளிர்நீலத் துண்டுகளில் கறை விழாமல் இருக்க விரிப்பைக் கவிழ்த்துப் போட்டேன். அடியிலிருந்து துணியைத் தூக்கிப் பிடித்து, வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டே போனேன். மூன்று அடுக்கும் பிடித்துக்கொண்டன. மேல்துணியின் முகம் உள்ளே போகும்படி மடித்து, மஞ்சள் துணியில் கட்டிக் கொடுத்தேன்.

"முதல்ல தைக்கச் சொல்லுங்க பெரியப்பா. தைச்ச பிறகு இந்தப் பிளாஸ்டிக்க வெட்டிரணும். மறந்துராதீங்க."

"தை, வெட்டு. இதுல என்னா இருக்கு மறக்க?" என்றார் மண்டோர்.

கவிழ்த்துப் போட்டுக் குத்தினால் குறுக்குக் கம்பிகளெல்லாம் முகத்துப் பக்கம் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மடிக்கும்போது உள்ளங்கையால் ஒருமுறை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் ஆள் காத்திருக்கையில் அது தோன்றவில்லை.

7

கல்யாணம் முடிந்து, மண்டோர் திரும்பி வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்தார். சரோஜா வாங்கிவைத்திருந்த டேப்பில் போட்டுக் கேட்டோம். முதலில் நாதஸ்வரம், சத்தம், யாரோ யாரையோ பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் வசந்தாவின் குரல்.

"அக்கா, ஒன் விரிப்புல ஒக்காந்தேன் பாரு, ஐயோ! ஊசி மாதிரி நூறு எடத்துல குத்துது. ஒக்காரவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. தாலி கட்ற நேரத்துல நான் நெளியறதப் பாத்துட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, 'பொண்ணுக்கு என்னா வெக்கம், இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா'ன்னு பேசிக்கிட்டாங்களாம். எங்க மாமியா இன்னும் அதயே சொல்லிச் சொல்லிப் பெருமப்படுறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஒன்னாலதான்க்கா எனக்கு இந்த நல்ல பேரு!"

சரோஜா தரையில் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வர. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. வசந்தாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அம்மா அத வெட்ட வுட மாட்டேங்குறாங்கக்கா. தைக்கவும் வுடல. பெட்டியில வச்சிருக்காங்க. நீ வந்து முடிப்பன்னு சொல்லிவிட்டியாமே."

நான் மண்டோரைப் பார்த்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"என்னா பண்ணச் சொல்ற? ஒங்கம்மா அதக் கையில வாங்கிட்டு, 'எம் மவ எங்க?'ன்னு கேட்டுச்சி. கண்ணு கலங்கிருச்சி. நான் என்னாத்த சொல்ல? அரைகொறையா இருக்கு பாருங்க, அடுத்த வருசம் அவளே வந்து முடிச்சிருவான்னு சொல்லிட்டேன். தப்பா?"

தப்பென்று எப்படிச் சொல்வது? நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

8

அதிலிருந்து மூன்று வருஷம். மனு உள்ளேயே இருக்கிறது. கடவுச்சீட்டு புதுப்பிக்க வெளியே வந்து, திரும்ப உள்ளே போயிற்று. முகப்பில் வேறு பெண் வந்துவிட்டாள். இவளும் 'காக்' என்றுதான் கூப்பிடுகிறாள். சரோஜா கல்யாணமாகி உலு யாமுக்குப் போய்விட்டாள். கவிதா மலாயில் சொல்லித்தரும் தேசியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பஸ் அங்கேதான் போகிறது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பதிலை வேறு பாஷையில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். ஊருக்குப் போகலாமா என்றால், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறாள், பக்கத்து ஊருக்குப் போகிறவளைப் போல.

போன மாதம் வசந்தாவிடமிருந்து இன்னொரு கேசட் வந்தது. மார்கழியில் பிரசவமாம். அம்மா அந்த விரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாளாம், குழந்தையைப் படுக்கவைக்க. "அதுக்குள்ள ஒங்கக்கா வந்து முடிச்சிருவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

பதில் பேச டேப்பின் முன்னால் மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் அந்த இடம் வந்ததும் குரல் மாறிவிட்டது, நிறுத்திவிட்டேன். எழுத்தில் குரல் கிடையாது. வசந்தா, இந்த இதழ் மாதாமாதம் உன் மாமனார் வீட்டுக்கு வருகிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆகையால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், கடைசியாக உனக்கு:

மார்கழிக்கு நான் வரமாட்டேன். எப்போது வருவேன் என்றும் தெரியாது. அம்மாவிடம் நீயே சொல், மண்டோரை விட நீ பக்குவமாகச் சொல்வாய்.

விரிப்பை நீயே முடி. முதலில் தைக்க வேண்டும், வெட்டினால் மூன்று அடுக்கும் தனித்தனியாக நழுவிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போ. இரட்டை நூல் வேண்டாம், துணி சுருங்கும். எல்லாம் தைத்து முடித்த பிறகு, அடிப்பக்கத்துப் பட்டைத் தலைக்குக் கீழே கத்தரியை விட்டு ஒவ்வொன்றாக வெட்டு. வெட்டாமல் இழுக்காதே, துளை பெரிதாகிவிடும். வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதே, குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். ஒன்றையும் ஞாபகத்துக்கென்று விட்டுவைக்காதே.

பிறகு நன்றாகத் துவைத்துக் காயப்போடு. பருத்தித் துண்டுகளில் துளைகள் மூடிக்கொள்ளும், தெரியாது. குழந்தையைப் படுக்கவைக்கும் முன்னால் முகத்துப் பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார். கையில் எதுவும் தட்டக் கூடாது.